மூன்றாம் அறையின் மணி

ஜனவரி 9

அன்புத் தங்கைக்கு,

அண்ணன் எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். அண்ணிக்கு மட்டும் முட்டிவலி, குளிர் வந்தால் விருந்தாளி மாதிரி வந்து ஒரு மாதம் தங்கிவிட்டுப் போகிறது. நீயும் மாப்பிள்ளையும் எப்படி இருக்கிறீர்கள்?

போன் செய்தால் இரண்டாவது நிமிஷமே "அண்ணா, சிக்னல் போகுது" என்று வைத்துவிடுகிறாய். தீவு ஆஸ்பத்திரியில்தான் நர்ஸ் வேலை பார்ப்பேன் என்று போனவளை என்ன சொல்ல. வாரம் இரண்டு முறை படகு வருகிறதே, கடிதமாவது முழுசாகப் போய்ச் சேரட்டும் என்று பேனாவை எடுத்தேன்.

நல்ல செய்தி ஒன்று. எங்கள் குளிர்கிடங்குக்குத் தலைமை அலுவலகம் கேடயம் கொடுத்திருக்கிறது. எட்டுக் கிடங்குகளில் நாங்கள்தான் முதல். எதற்குத் தெரியுமா? இங்கே குறைப் புத்தகம் என்று ஒன்று உண்டு. கதவு சரியில்லை, விளக்கு எரியவில்லை, வண்டியில் பிரேக் பிடிக்கவில்லை என்று யார் வேண்டுமானாலும் எழுதலாம். பதினோரு மாதமாக அதில் ஒரு வரி கிடையாது.

நான் மேலாளராக வந்த புதிதில் பக்கம் பக்கமாகப் புலம்பி வைத்திருந்தார்கள். ஒவ்வொரு வரியையும் எழுதினவரைக் கூப்பிட்டு எல்லோர் முன்னாலும் வாசிக்கச் சொன்னேன். "இது நிஜமாவே குறையா, இல்ல உனக்கு வேலை செய்ய அலுப்பா?" என்று கேட்டேன். ஒரே மாதத்தில் அடங்கிவிட்டது. என் அறைக் கதவு நாள் முழுக்கத் திறந்தே கிடக்கிறது. குறை சொல்ல ஒருவரும் வருவதில்லை.

கேடயத்தை வாசலுக்கு நேராக மாட்டியிருக்கிறேன். உடம்பைப் பார்த்துக்கொள். மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல்.

உன் அண்ணன்

----

ஜனவரி 24

அன்புள்ள அண்ணனுக்கு,

உங்கள் கடிதம் வெள்ளிக்கிழமைப் படகில் கொஞ்சம் உப்புத்தண்ணீர் குடித்துவிட்டு வந்து சேர்ந்தது. அண்ணியைப் படி ஏறி இறங்காமல் இருக்கச் சொல்லுங்கள், வெந்நீர் ஒத்தடம் காலை மாலை இரண்டு வேளையும் வேண்டும். நாங்கள் இருவரும் சுகம். அவர் உங்களை விசாரித்தார்.

கேடயத்துக்கு வாழ்த்துகள். ஒரு சின்னச் சந்தேகம் மட்டும். இருபத்து மூன்று பேர், நான்கு குளிர் அறை, ஆறு வண்டி. பதினோரு மாதத்தில் ஒரு பல்புகூட ஃபியூஸ் ஆகவில்லையா? எங்கள் வார்டில் வாரம் இரண்டு போகிறது. நீங்கள் பல்பு வாங்கும் கடையின் விலாசம் அனுப்புங்கள்.

எங்களுக்குப் புது மேட்ரன் வந்திருக்கிறாள். என்னைவிட ஆறு வயது சின்னவள். ஷிப்ட் மாறும்போது எல்லோரையும் நிற்கவைத்துத் தன் தப்பை முதலில் சொல்கிறாள். "நேத்து ஆறாம் படுக்கைக்கு ஊசி போட அரை மணி லேட் பண்ணிட்டேன். சீட்டைத் தப்பாப் படிச்சதுதான் காரணம். இப்ப நீங்க சொல்லுங்க." முதல் வாரம் நாங்கள் எல்லோரும் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றோம். இது என்ன பொறியோ என்றுதான் எனக்குத் தோன்றியது. மூன்றாவது வாரம் வார்டு உதவியாளர் ஒருவர், ஆக்சிஜன் சிலிண்டர் திறக்கும் சாவி தொலைந்து இரண்டு நாளாகிறது என்றார். அவர் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும், அழுதுவிடுவார் போல. மேட்ரன், "நல்லவேளை, இப்பவே சொன்னீங்க" என்று சொல்லிவிட்டுக் கட்டிலுக்கு அடியில் குனிந்து தேட ஆரம்பித்தாள். அவ்வளவுதான். சாவி கிடைத்தது.

குளிர் அறைக்குள் போகும்போது காதை மூடிக்கொண்டு போங்கள்.

அன்புத் தங்கை

----

பிப்ரவரி 7

அன்புத் தங்கைக்கு,

இங்கே யாவரும் நலமே, அங்கேயும் அப்படித்தான் இருக்கும் என்று நம்புகிறேன்.

உன் மேட்ரன் சின்னப் பெண், இன்னும் அடிபடவில்லை. தலைமையில் இருப்பவர் தன் தப்பைத் தானே ஊரைக் கூட்டிச் சொன்னால் நாளைக்கு யார் மதிப்பார்கள்? வார்டில் சாவி தொலைந்தால் தேடலாம். இங்கே மைனஸ் இருபது டிகிரி. ஒரு கதவு பத்து நிமிஷம் திறந்திருந்தால் ஒரு லாரி மீன் போச்சு.

போன மாதம் நடந்ததைக் கேள். மூன்றாம் அறையில் சரக்கு அடுக்கிக்கொண்டிருந்தவர், விளக்கு ஒரு விநாடி அணைந்ததற்கு அபாய மணியை அமுக்கிவிட்டார். உள்ளே யாராவது மாட்டிக்கொண்டால் அமுக்குவதற்கு வைத்த மணி அது. கம்ப்ரசரை நிறுத்தி, எல்லோரையும் வெளியே கூட்டி, தலை எண்ணி, நாற்பது நிமிஷம் வீண். கேட்டால், "பயந்துட்டேன் சார்" என்கிறார். சரக்கு ஏற்றும் மேடையில் எல்லோர் முன்னாலும் நிற்கவைத்தேன். "இனிமே செத்தா அமுக்கு. இல்லேன்னா அதுல கை வைக்காதே" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. இப்படித்தான் ஒழுங்கு வரும்.

மாப்பிள்ளையை இரண்டு வரி எழுதச் சொல். நான் பார்த்துக் கட்டிவைத்த மாப்பிள்ளை, என்னையே மறந்துவிட்டாரா?

உன் அண்ணன்

----

பிப்ரவரி 21

அன்புள்ள அண்ணனுக்கு,

நலம். அண்ணியின் முட்டி பரவாயில்லையா? ஒத்தடம் கொடுக்கிறீர்களா, கொடுக்கச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறீர்களா?

அவர் துறைமுக அலுவலக வேலையாக அக்கரைக்குப் போயிருக்கிறார். வந்ததும் எழுதச் சொல்கிறேன்.

மணியை அமுக்கியவர் மறுநாள் வேலைக்கு வந்தாரா? எல்லோரும் சிரித்தார்கள் என்று எழுதியிருந்தீர்கள். அவரும் சிரித்தாரா?

இரண்டு நாளாகக் காற்று பலமாக இருப்பதால் படகு வருமோ வராதோ. இதோடு நிறுத்துகிறேன்.

அன்புத் தங்கை

----

ஏப்ரல் 2

தங்கைக்கு,

எல்லோரும் சுகம். பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. வேலை.

உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். இங்கே ஒரு சின்ன விபத்து. லேபிள் ஒட்டும் பெண் ஒருவருக்குக் கையில் குளிர் பட்டுவிட்டது. வலது கையில் இரண்டு விரல்களின் நுனி முதலில் மெழுகு மாதிரி வெளுத்து, பிறகு கொப்பளித்து, இப்போது கறுத்திருக்கிறது. டாக்டர், "பொறுத்துப் பார்ப்போம்" என்கிறார். எவ்வளவு நாள் பொறுக்க வேண்டும்? கறுத்தது திரும்ப வருமா? தெரிந்தவரை எழுது.

அண்ணன்

----

ஏப்ரல் 9

அன்புள்ள அண்ணனுக்கு,

கடிதத்தைப் படித்ததும் உங்கள் உடம்புக்கு ஒன்றுமில்லையே என்றுதான் முதலில் தேடினேன். உங்களைப் பற்றி ஒரு வரி எழுதுங்கள்.

விரல் விஷயம். டாக்டர் சொல்வது சரி. உயிருள்ள சதைக்கும் செத்த சதைக்கும் நடுவே கோடு தெளிவாகத் தெரிய ஆறு வாரம்கூட ஆகலாம். அதுவரை கத்தி வைக்க மாட்டார்கள். யாரும் தேய்க்கக் கூடாது, நெருப்பில் காட்டக் கூடாது. முழுக்கக் கறுத்த நுனி திரும்ப வராது. பொய் சொல்ல மாட்டேன்.

சின்ன விபத்தில் விரல் கறுக்காது, அண்ணா. கையுறை போட்டிருந்தால் அரை மணியில்கூட இப்படி ஆகாது. அவர் உள்ளே எவ்வளவு நேரம் இருந்தார்? ஏன் கையுறை இல்லை?

நான் நலம். நாங்கள் நலம்.

அன்புத் தங்கை

----

மே 4

அன்புத் தங்கைக்கு,

உடம்புக்கு ஒன்றுமில்லை. தூக்கம்தான் சரியில்லை. நீ கேட்டதற்குப் பதில் எழுதுகிறேன். முழுசாக எழுதினால்தான் எனக்கே விளங்கும் போலிருக்கிறது.

அந்தப் பெண்ணுக்கு நாற்பத்து நாலு வயது. கனமான மூக்குக்கண்ணாடி போட்டிருப்பதால் எல்லோரும் கண்ணாடி என்றுதான் கூப்பிடுவார்கள். மார்ச் பதினேழு மதியம் மூன்று மணிக்கு, ஒரு லாரிக்கான பெட்டிகளில் லேபிள் சரியா என்று பார்க்க மூன்றாம் அறைக்குள் போனார். கதவு சாத்திக்கொண்டது. உள்பக்கம் ஒரு குமிழ் உண்டு, தள்ளினால் திறக்கும். அது வேலை செய்யவில்லை. மணி அடித்தது மூன்று ஐம்பதுக்கு. இரண்டாவது நிமிஷம் நாங்கள் கதவைத் திறந்துவிட்டோம். குமிழுக்குக் கீழே உட்கார்ந்திருந்தார். கையுறை இரண்டையும் பக்கத்தில் மடித்து வைத்திருந்தார்.

ஐம்பது நிமிஷம். மணி தலைக்கு மேலே, கை எட்டும் தூரத்தில். அது நன்றாகத்தான் வேலை செய்தது.

எட்டாம் நாள் ஆஸ்பத்திரிக்குப் போனேன். பக்கத்தில் அவருடைய அக்கா உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும், "இவர்தான் சைரனா?" என்று தங்கையிடம் கேட்டார். கண்ணாடியின் முகம் வெளிறிவிட்டது. கிடங்கில் எனக்கு அதுதான் பெயராம். நான் வந்த முதல் மாதத்திலிருந்தே இருக்கிறதாம். எனக்கு அன்றுதான் தெரியும்.

இரண்டு கையிலும் பந்து மாதிரி கட்டு. மூக்குக்கண்ணாடி நழுவி மூக்கு நுனியில் நின்றது. ஏற்றிவிட முடியவில்லை, என்னிடம் கேட்கவும் முடியவில்லை. நானே ஏற்றிவிட்டேன். பிறகு கேட்டேன்.

"மணி அங்கேயே இருந்துச்சே. ஏன் முதல்லயே அமுக்கல?"

"தோணல சார்."

"ஐம்பது நிமிஷமா தோணலையா?"

அப்புறம் சொன்னார். கோபமே இல்லை, ஸ்டாக் எண்ணிச் சொல்வது போலத்தான் சொன்னார்.

"நீங்கதானே சார் சொன்னீங்க, செத்தா அமுக்குன்னு. நான் சாகலையே. அதான் முதல்ல கதவைத் திறந்து பார்ப்போம்னு நினைச்சேன். குமிழைக் கம்பி போட்டுத்தானே கட்டியிருக்கு, பிரிச்சுடலாம்னு. கையுறையோட பிடி கிடைக்கல. கழட்டிட்டேன்."

"கம்பி போட்டுக் கட்டியிருக்கிறது உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"எல்லாருக்கும் தெரியும் சார்."

தங்கச்சி, குமிழ் பழுது என்பது எனக்கும் தெரியும். இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. டிசம்பரில் ஃபிட்டர் ஒரு துண்டுச் சீட்டோடு என் அறைக்கு வந்தார். "மூன்றாம் அறை, உள் குமிழ் ஆடுது" என்று எழுதியிருந்தது. நாலு நாளில் தலைமை அலுவலகத்திலிருந்து ஆய்வுக்கு வரப்போகிறார்கள். "இப்பதான் இதை எழுதணுமா? ஸ்பேனரைக் கையில எதுக்கு வெச்சிருக்கே, காது குடையவா?" என்று கேட்டுச் சீட்டைக் கிழித்தேன். புதுக் குமிழ் வாங்க என் கையெழுத்து வேண்டும். அதற்காக இன்னொரு முறை என் முன்னால் வந்து நிற்க அவருக்குத் தைரியம் வரவில்லை. கம்பியைப் போட்டுக் கட்டிவிட்டார்.

விசாரணை நடந்தது. இருபத்து மூன்று பேரும் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். "கதவில் பழுது இருந்தது எனக்குத் தெரியாது." ஒரே வாக்கியம். முதல் கையெழுத்து ஃபிட்டருடையது. கண்ணாடியும் இடது கைப் பெருவிரல் ரேகையை உருட்டியிருக்கிறார்.

முதல் நாள் நிம்மதியாக இருந்தது, மறைப்பானேன். மறுநாள் காலையில் ஒவ்வொருவரிடமாகப் போனேன். "ஏதாவது பிரச்சினை இருக்கா?" "ஒண்ணுமில்ல சார்." "வண்டி எப்படி ஓடுது?" "நல்லா ஓடுது சார்." எந்தக் கதவு உறுதியானது, எது கம்பியில் நிற்கிறது என்று எனக்குத் தெரியாது. சொல்லக்கூடியவர்கள் இத்தனை பேர் எதிரில் நிற்கிறார்கள். ஒரு வார்த்தை வாங்க முடியவில்லை. சுற்றிலும் நின்று என்னை உள்ளே வைத்துக் கதவைச் சாத்தியது போல இருக்கிறது. சாத்தியவன் நான்தான்.

நீ என்னோடு ஒரே வீட்டில் இருபது வருஷம் இருந்தவள். நான் அப்படிப்பட்டவனா? நீயும் என்னிடம் சொல்லாமல் விட்டது ஏதாவது உண்டா? யோசித்து எழுது.

மாப்பிள்ளைக்கு என் அன்பு.

அண்ணன்

----

ஜூன் 12

தங்கைக்கு,

அஞ்சலட்டை என்பதால் சுருக்கமாக. எல்லோரும் சுகம். என் கடிதத்துக்கு ஐந்து வாரமாக உன் பதில் இல்லை. போனில் மணி அடித்துக்கொண்டே இருக்கிறது. உடம்பு சரியில்லையா? கேட்கக் கூடாததைக் கேட்டுவிட்டேனோ? கோபமில்லை. "நலம்" என்று ஒரு வார்த்தை போட்டால் போதும்.

அண்ணன்

----

ஜூலை 3

அன்புள்ள அண்ணனுக்கு,

உடம்பு நலம். அந்த ஒரு வார்த்தையைப் போட்டு அனுப்பிவிடலாம் என்று மூன்று படகுக்குப் பார்த்தேன். ஒவ்வொரு படகும் போனபிறகு மேசைமேல் காகிதம் வெறுமையாகவே கிடந்தது.

அவர் இங்கே இல்லை. பதினான்கு மாதம் ஆகிறது.

சண்டை எதுவுமில்லை. ஒரு நாள் இரண்டு பெட்டியோடு படகேறினார். அக்கரையில் வேலை மாற்றம், வீடு பார்த்துவிட்டுக் கூப்பிடுகிறேன் என்றார். நாலாம் மாதம் ஒரு கடிதம் வந்தது. "நீ உன் வேலையை விட்டு வர வேண்டாம், நானும் இனி வரவில்லை" என்று எழுதியிருந்தார். அங்கே வேறொருவர் இருக்கிறார் என்று கேள்வி. நான் கேட்கவில்லை.

"அவர் உங்களை விசாரித்தார்" என்று உங்களுக்கு எழுதிய ஒவ்வொரு தடவையும் பக்கத்து அறையில் அவர் இருப்பது போலவே எனக்குத் தோன்றும். அவருடைய பழைய சட்டை இரண்டு இங்கே இருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமை தோறும் அவற்றை நனைத்துக் கொடியில் போடுகிறேன். குடும்பத்தோடு இருப்பவர்களுக்கான குடியிருப்பு இது, சுவருக்குச் சுவர் ஆள். சட்டை காய்ந்தால் யாரும் கேள்வி கேட்பதில்லை. சிக்னலும் நன்றாகத்தான் கிடைக்கிறது, அண்ணா. குரலில் தெரிந்துவிடும் என்றுதான் வைத்துவிடுவேன்.

ஏன் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். கல்யாணமான முதல் வருஷம் ஒரு முறை, அவர் என்னோடு பேசாமலே நாள் கணக்கில் இருக்கிறார் என்று உங்களிடம் சொன்னேன். "பார்த்துப் பார்த்துக் கட்டிவெச்சிருக்கேன், குறை சொல்லிட்டு வந்து நிக்காதே" என்றீர்கள். அதோடு நான் நிறுத்திக்கொண்டேன். உங்கள் குறைப் புத்தகத்தில் பதினோரு மாதம்தான் வரி இல்லை. என்னுடையதில் பன்னிரண்டு வருஷம்.

இன்னொன்று. எனக்கு ஒன்பது வயதில் காலில் ஆணி ஏறியது. வருகிறவர்களிடமெல்லாம் நீங்கள் சொல்லுவீர்கள், "தோள்ல தூக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன், ஒரு மணி தாமதமாயிருந்தா காலே போயிருக்கும்" என்று. உண்மைதான், ஓடினீர்கள். உங்கள் தோள் நனைந்திருந்தது. ஆனால் ஆணி ஏறியது அன்றைக்கு அல்ல, மூன்று நாள் முன்னால். கேட்காமல் உங்கள் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய் விழுந்தேன். கால் வீங்க வீங்க, காலுறை போட்டு மறைத்து வைத்திருந்தேன். அந்த வயதில் எனக்கு ஆணியைவிட உங்கள் குரல்தான் பெரியது.

நீங்கள் கெட்டவர் என்று நான் ஒரு நாளும் நினைத்ததில்லை. ஆபத்தென்றால் முதலில் ஓடி வருபவர் நீங்கள்தான். ஆபத்து என்று உங்களிடம் சொல்லுவதுதான் முடியாது.

இதை இன்று படகில் போடுவேனா என்று தெரியவில்லை. வந்து சேர்ந்தால் போட்டுவிட்டேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

தங்கை

----

ஜூலை 14

அன்புத் தங்கைக்கு,

வந்து சேர்ந்தது.

இது ஐந்தாவது கடிதம். முதலாவதில் அவனைத் திட்டினேன். இரண்டாவதில் உன்னைத் திட்டினேன், பதினான்கு மாதமா என்று. மூன்றாவதில் வியாழக்கிழமைப் பேருந்தில் கிளம்பி வருவதாக எழுதினேன். நாலாவதில் இரண்டு பக்கம் முழுக்க மன்னிப்புக் கேட்டேன். அதை அண்ணி வாங்கிப் படித்துவிட்டு, "இதுலயும் நீங்கதான் இருக்கீங்க, அவ எங்கே?" என்றாள்.

அதனால் இதில் இவ்வளவுதான். சொன்னாயே, அது நல்லது. நீ எப்படி இருக்கிறாய்? என்னிடமிருந்து உனக்கு என்ன வேண்டும், என்ன வேண்டாம்? நீ எழுதுகிறபடி செய்கிறேன்.

அண்ணி தன் முட்டி தேவலை என்று எழுதச் சொன்னாள்.

அண்ணன்

----

ஜூலை 31

அன்புள்ள அண்ணனுக்கு,

உங்கள் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. வியாழன் மாலைதான் பிரித்தேன். அதுவரை மேசைமேல் கவிழ்த்து வைத்திருந்தேன். பிரித்தபோது ஒரு பக்கம்தான் இருந்தது. திருப்பிப் பார்த்தேன், பின்னால் ஒன்றுமில்லை. பிறகு உட்கார்ந்து அழுதேன். கெட்ட அழுகை இல்லை, கவலைப்பட வேண்டாம்.

கேட்டீர்களே, எழுதுகிறேன். நான் கூப்பிடும்வரை வர வேண்டாம். அவரைத் தேடிப் போகவும் வேண்டாம், அவர் வீட்டாரோடு பேசவும் வேண்டாம். வக்கீலை எப்போது பார்ப்பது என்று நானே முடிவு செய்கிறேன். ஞாயிற்றுக்கிழமை அண்ணி போன் செய்யட்டும். முதலில் அண்ணி, பிறகு நீங்கள். வாங்கிப் பேசும்போது மெல்லப் பேசுங்கள், சுவர் மெலிசு.

மேட்ரனிடம் சொல்லிவிட்டேன். தனியாள் என்று தெரிந்தபிறகு இந்த வீட்டை விட வேண்டிவரும். தனியாட்களுக்கு மாடியில் ஒரே ஒரு அறைதான் காலி. அதன் ஜன்னல் தண்ணீர்த் தொட்டியின் சுவரைப் பார்த்து இருக்கிறது. இந்த வாரம் சட்டைகளை நனைக்கவில்லை. பக்கத்து வீட்டுப் பெண் கொடியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். இன்னும் மூச்சு முட்டத்தான் செய்கிறது.

கண்ணாடிக்கு விரல் என்ன ஆயிற்று? ஃபிட்டர் எப்படி இருக்கிறார்? நீங்கள் எப்படி இருக்கிறீர்கள்? இந்த முறை "வேலை" என்று மட்டும் எழுதாதீர்கள்.

அன்புத் தங்கை

----

செப்டம்பர் 20

அன்புத் தங்கைக்கு,

நேற்று போனில் உன் குரல் தெளிவாக இருந்தது. சுவர் ஜன்னலில் செடி வைத்திருப்பதாகச் சொன்னாயாம். அண்ணி இங்கே வருகிறவர்களிடமெல்லாம் அதைச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். வக்கீல் விஷயம் நீயே எடுத்தால் பேசுவேன், நானாகக் கேட்க மாட்டேன். கேட்க நாக்கு வருகிறது, கடித்துக்கொள்கிறேன். போனில் எல்லாம் சொல்ல முடியவில்லை, அதனால் இந்தக் கடிதம்.

கண்ணாடிக்கு இரண்டு விரல்களிலும் நுனிக்கணு எடுத்துவிட்டார்கள். ஆகஸ்ட் முதல் வாரம் வேலைக்குத் திரும்பினார். லேபிள் மேசையிலேயே இருக்கிறார். குளிர் அறைக்குள் இனி போக வேண்டாம் என்று எழுத்தில் கொடுத்திருக்கிறேன். என்னைப் பார்த்தால் "வணக்கம் சார்" என்பதோடு சரி. மன்னிப்புக் கேட்டேன். "பரவால்ல சார்" என்றார். அந்தப் "பரவால்ல"வை என்ன செய்வதென்று தெரியவில்லை.

தலைமை அலுவலகத்துக்கு உண்மையை எழுதினேன். சீட்டு வந்தது, நான் கிழித்தேன், ஆட்கள் எழுதிக் கொடுத்தது என்மேல் உள்ள பயத்தில் என்று மூன்று பத்தி. ஒரு வாரம் கழித்துப் பெரியவர் ஒருவர் போன் செய்தார். "ஃபைல் மூடியாச்சு. ஊழியரோட கவனக்குறைவுன்னு போட்டிருக்கோம். எதுக்கு உங்க தலையில நீங்களே மண்ணை வாரிப் போட்டுக்கறீங்க?" என்றார். என் கடிதம் அப்படியே திரும்பி வந்தது. ஃபைலில் சேர்க்கக் குத்தூசி போட்ட தடம்கூட இல்லை. மறுபடி அனுப்பியிருக்கிறேன், இந்தத் தடவை பதிவுத் தபாலில். அதற்கும் பதிலில்லை.

சரி, மேலே முடியவில்லை, கீழேயாவது சொல்லுவோம் என்று, எல்லோரையும் சரக்கு ஏற்றும் மேடையில் கூட்டினேன். அன்று ஒருவரை நிற்கவைத்தேனே, அதே இடத்தில் நான் நின்றேன். சீட்டில் என்ன எழுதியிருந்தது, நான் என்ன செய்தேன், மணியைப் பற்றி என்ன சொன்னேன் என்று சொன்னேன். "குமிழ் ஆடினதுக்கு ஃபிட்டர் காரணமில்ல. கண்ணாடி காரணமில்ல. நான்தான்." பிறகு மூன்றாம் அறைக்குப் போய் எல்லோரும் பார்க்க மணியை அமுக்கினேன். கம்ப்ரசரை நிறுத்தி, தலை எண்ணி, நாற்பது நிமிஷம் போயிற்று. "சந்தேகம்னு வந்தாலே அமுக்குங்க. நாற்பது நிமிஷம் போனாப் போகட்டும்" என்றேன்.

பெரிய மாற்றம் வரும் என்று நினைத்தேன். ஒன்றும் வரவில்லை. எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். பொறி என்று நினைத்திருப்பார்கள், நீயும் உன் மேட்ரனை அப்படித்தானே நினைத்தாய். தினமும் காலையில் முந்தின நாள் நான் செய்த தப்பு ஒன்றைச் சொன்னேன். மூன்று வாரம் நான் மட்டும்தான் பேசினேன். பைத்தியம் பிடித்துவிட்டது என்று பேசிக்கொண்டார்களாம்.

நாலாவது வாரம் சரக்குத் தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஓட்டும் தாடிக்காரர் என் அறை வாசலில் வந்து நின்றார். உள்ளே வரவில்லை. "சார், நாலாம் நம்பர் வண்டி பிரேக் கொஞ்சம் இழுக்குது."

"எத்தனை நாளா?" என்றேன்.

அவர் ஒரு அடி பின்னால் போய்விட்டார். "இல்ல சார், நேத்துதான், நான் பார்த்துக்கறேன் சார்" என்று திரும்பினார். எத்தனை நாளா என்று கேட்டதில் என்ன தப்பு என்கிறாயா? நான் கேட்டால் அதற்கு "ஏன் முன்னாடியே சொல்லல" என்றுதான் அர்த்தம். ஓடிப்போய்ப் பிடித்தேன். "வண்டியை நிறுத்திடுங்க. சொன்னது நல்லதாப் போச்சு. வாங்க, ஃபிட்டர்கிட்ட போவோம்" என்றேன். மூன்று வாரமாக இழுக்கிறதாம். போகிற வழியில் சொன்னார்.

முந்தாநாள் மறுபடி கத்திவிட்டேன்.

இதைத்தான் எழுத உட்கார்ந்தேன். இரண்டாம் அறைக் கதவு சரியாகச் சாத்தாமல் இருந்து வெப்பம் ஏறிவிட்டது. ஒரு லாரி பின்னால் காத்திருக்கிறது. ஃபிட்டர்தான் கடைசியாக வெளியே வந்தவர். என்ன சொன்னேன் என்றுகூட நினைவில்லை. "கண்ணு எங்கே வெச்சிருக்கே" என்பது வரை நினைவிருக்கிறது. மேடையில் எல்லோரும் நின்றுவிட்டார்கள். ஃபிட்டர் தலையைக் குனிந்துகொண்டார். பழைய சத்தம், பழைய அமைதி. இத்தனை வார உழைப்பும் ஒரு நிமிஷத்தில் போயிற்று என்று நினைத்தேன்.

அப்போது லேபிள் மேசையிலிருந்து கண்ணாடி சொன்னார்.

"சார், கத்துறீங்க."

சத்தமாகச் சொல்லவில்லை. கம்ப்ரசர் ஓடிக்கொண்டிருந்தது, ஆனாலும் எல்லோருக்கும் கேட்டது. திரும்பிப் பார்த்தேன். அவர் தலையைக் குனியவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

என் வாயில் ஒரு பதில் தயாராக இருந்தது, தங்கச்சி. எப்போதும் ஒன்று தயாராகத்தான் இருக்கும். அதை விழுங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. அந்த நேரம் பூராவும் அவருக்கு எப்படி இருந்திருக்கும்?

"ஆமா" என்றேன். பிறகு ஃபிட்டரிடம், "கதவு ஏன் சாத்தல, சொல்லுங்க, கேட்கிறேன்" என்றேன். ஓரத்து ரப்பர் கிழிந்து உறைபனி கட்டியிருக்கிறது. அவர்மேல் பிழையே இல்லை. இரண்டு பேரும் போய்ச் சுரண்டினோம்.

திரும்பி வரும்போது கண்ணாடியின் மேசை வழியாகத்தான் வர வேண்டும். அவர் லேபிள் ஒட்டிக்கொண்டிருந்தார். பயம் போய்விட்டது என்று எழுத ஆசைதான். போகவில்லை. நான் நெருங்கியதும் நறுக்கிய இரண்டு விரலாலும் அவசரமாக ஒட்டினார். லேபிள் கோணலாக விழுந்தது. அவர் அதைப் பார்த்தார், நான் பார்ப்பதையும் பார்த்தார். பிரித்து ஒட்டவில்லை. பெட்டியை அப்படியே தள்ளிவிட்டு அடுத்ததை எடுத்தார். கோணல் லேபிளோடு அது லாரியில் ஏறிப் போயிற்று.

உடம்பைப் பார்த்துக்கொள். எப்போது முடிகிறதோ அப்போது எழுது.

உன் அண்ணன்